வராத பிள்ளையைத் தேடிப் போகாதவர்கள்

என் தம்பி இறந்த ஐந்தாம் நாள், காலை மணி 10.40 இருக்கும், என் போனில் அவன் கல்லூரியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. உங்கள் பிள்ளை இன்று முதல் பீரியடுக்கு வரவில்லை என்று. ஆங்கிலத்தில் வரும், கம்ப்யூட்டர் தானாக அனுப்புவது. அம்மா கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "யாருடி, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டேன். மறுநாளும் வந்தது. மூன்று வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது.

இதே செய்தி, அவன் உயிரோடு இருந்த கடைசிப் பதினொரு வகுப்பு நாளும் வந்தது. பதினொரு நாளும் அந்தக் கல்லூரிக்குத் தெரியும், அவன் வகுப்பில் இல்லை என்று. எந்த பீரியடில் இல்லை என்றுகூடத் தெரியும். அப்போது அவன் எங்கே இருந்தான்? வேறு ஊருக்கா ஓடிப்போனான்? அதே வளாகத்துக்குள், வகுப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில், விடுதியின் இரண்டாம் மாடியில் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். ஓர் ஆசிரியர், ஒரு வார்டன், ஒரே ஒரு பெரிய மனுஷன்கூட அந்தப் படி ஏறிப் போகவில்லை.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் நர்ஸம்மா என்பார்கள். நான்கு கிராமம், ஐந்தாயிரம் ஜனம். என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் ஒரே வரியில் சொல்வேன்: வராதவர்களைத் தேடிப் போவது. புதன்கிழமை தடுப்பூசி நாள். டியூ லிஸ்ட்டில் இருபது குழந்தை இருந்து பதினேழு வந்தால், அந்தப் பதினேழு எனக்குப் பெரிய விஷயமில்லை. வராத மூன்று யார், ஏன் வரவில்லை என்பதுதான் என் கவலை. மறுநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த மூன்று வீட்டுக்கும் போவேன். ஏழு மாதக் கர்ப்பிணி செக்கப்புக்கு வரவில்லையா, போவேன். காசநோய்க்காரர் மாத்திரை வாங்க வரவில்லையா, அவர் வேலை செய்யும் செங்கல் சூளைக்கே போவோம். போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒருத்திக்குப் பஸ்ஸுக்குக் காசு இருந்திருக்காது. ஒருத்தியைப் புருஷன் அடித்திருப்பான், முகம் வீங்கி வெளியே வர வெட்கப்பட்டுக் கிடப்பாள். ஒருத்தி பயந்திருப்பாள். வீட்டில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பார்த்தால் மூவருக்கும் ஒரே பெருக்கல் குறிதான்.

வராமல் போவது எங்களுக்கு ஓர் அறிகுறி. காய்ச்சல் மாதிரி, ரத்தப்போக்கு மாதிரி. என் தம்பி படித்த இடத்தில் அது குற்றம். அபராதம் போட வேண்டிய குற்றம்.

வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிற மாநிலம் இது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று தொடங்கினார்கள். நானே போகிறேன். ஊர் ஊராகப் போய் யார் யாருக்கோ கதவு தட்டியவளின் தம்பிக்குக் கதவு தட்ட ஆளில்லாமல் போனதை நான் எப்படி ஆற்றிக்கொள்வது?

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'தற்கொலை செய்துகொண்ட மாணவன்' என்று பேப்பரில் நான்கு வரி வந்தது. அவன் அந்த நான்கு வரி இல்லை. அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் என்றால் உயிர். ரேடியோ, மிக்சி, பக்கத்து வீட்டு மோட்டார் எது நின்றாலும் திருப்புளியோடு போய் உட்கார்ந்துவிடுவான். தமிழ் வழி, அரசுப் பள்ளி. 2021இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை நினைவிருக்கிறதா? கொரோனாவால் பொதுத்தேர்வே ரத்தான வருஷம். பன்னிரண்டாம் வகுப்பில் முக்கால்வாசி நாள் அவன் வகுப்பறையைப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்தது என் ஒரே போன். நான் கோவிட் டியூட்டிக்குப் போகும்போது போனும் என்னோடு போய்விடும். அப்படிப் படித்த பிள்ளை அந்த வருஷமே பொறியியல் சேர்ந்தான். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் நடந்தது, கல்விக்கட்டணம் குறைந்தது என்று அம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியது, எல்லாம் நேற்றுப் போல இருக்கிறது. விடுதிக் கட்டணத்தை என் சம்பளத்தில் கட்டினேன்.

முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். கணக்கில்! உயிராக நேசித்த பாடத்தில். பன்னிரண்டில் நடத்தாத பாடத்தின் மேல் கட்டிய பாடம் அது, முழுவதும் ஆங்கிலத்தில். அடித்தளம் விட்டுப்போயிருக்கிறதே, இந்த வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பழையதைச் சொல்லிக் கொடுப்போம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அரியர் எடுத்தவர்களை வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். கட்டணப் பாக்கி உள்ளவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். இரண்டிலும் நின்றவன் என் தம்பி. மூன்றாம் வருஷம் தொடங்கும்போது நான்கு அரியர். ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் பிளேஸ்மென்ட்டுக்குக் கம்பெனி எதிலும் உட்கார முடியாது என்று ஒரு பட்டியல் ஒட்டினார்களாம், பெயரோடும் பதிவு எண்ணோடும். அந்தப் பலகையைத் தாண்டித்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். அவன் சாப்பாட்டுக்குப் போவதை விட்டான்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் அறையில் இருந்த பையன் சொல்லித்தான் தெரிந்தது. கல்லூரி எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "உங்க தம்பிக்கு அட்டென்டன்ஸ் 68 பர்சன்ட். 75 வேணும். வந்து அபாலஜி லெட்டர் எழுதிக் குடுங்க."

ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு மூன்று பஸ் மாறிப் போனேன். துறைத்தலைவர் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். உள்ளே கூப்பிட்டவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அங்கே இன்னும் இரண்டு ஆசிரியர்கள், நான்கைந்து மாணவர்கள். அவர்கள் எல்லோர் முன்பும் சொன்னார்: "படிக்கிற பையனுக்குக் கிடைக்க வேண்டிய சீட்டும்மா இது. உங்க தம்பி வேஸ்ட் பண்ணிட்டிருக்கான். டிடெயின் பண்ணப்போறோம். அடுத்த வருஷம் ஜூனியரோட உட்காரட்டும், அப்பதான் புத்தி வரும்." என் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எடை குறைந்திருந்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. தாடி வளர்ந்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. எனக்கு அப்போது உறைத்ததெல்லாம் அவமானம்தான்.

பிரசவம் ஆன பெண்களிடம் போய் நான் கேட்கிற கேள்விகள் இருக்கின்றன. தூக்கம் வருதாம்மா? பசிக்குதா? முன்ன பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதா? காரணமில்லாம அழுகை வருதா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஊரில் எத்தனையோ பெண்ணிடம் கேட்ட வாய், பஸ் ஸ்டாண்டில் என் தம்பியைப் பார்த்து என்ன கேட்டது தெரியுமா? "நாங்க என்னடா பாவம் பண்ணோம் உனக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை. போய் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான். ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்தான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "அக்கா, உங்க பிஎச்சி டாக்டர்கிட்ட ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கித் தர முடியுமா? அது குடுத்தா 65க்கு மேல இருந்தா எக்ஸாம் எழுத விடுவாங்க."

"பொய் சர்டிஃபிகேட்டா? உனக்கு என்னடா வியாதி?" என்றேன்.

வியாதி இருந்தது. அந்தச் சான்றிதழ் பொய்யாகியிருக்காது. இதை எழுதும்போதும் என் கை ஓடவில்லை.

என்மேல் உள்ள பழியை நான் மறைக்கவில்லை. சாகும்வரை சுமப்பேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். என் வாயில் அந்தக் கேள்வியை வைத்தது யார்? நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த என்னை அழைத்து, அவன் முகத்தைப் பார்க்கவிடாமல் அவன் குற்றப் பட்டியலை மட்டும் என் கையில் கொடுத்து, அவன்மேல் ஏவிவிட்டது யார்? வீட்டுக்குப் போன் பண்ணினால் கடமை முடிந்தது என்று நினைக்கிற கல்லூரிகளே, நீங்கள் எங்களைப் பெற்றோராக அழைப்பதில்லை, பிரம்பாக அழைக்கிறீர்கள். 'உங்கள் பிள்ளை வாடியிருக்கிறான், சாப்பிடுவதில்லை, எங்களுக்குக் கவலையாக இருக்கிறது' என்று ஒரு போன் வந்திருந்தால் அன்று இரவே போய் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்திருப்பேனே. படிப்பாவது மண்ணாவது என்று தூக்கி எறிந்திருப்பேனே.

அவன் உதவி கேட்காமலும் இல்லை. அந்தக் கல்லூரியில் 'கவுன்சலிங் சென்டர்' என்று பலகை இருந்தது. பொறுப்பு, வேதியியல் நடத்துகிற ஓர் ஆசிரியரிடம். அவருக்கு வகுப்பு, தேர்வுத்தாள், அட்மிஷன் காலத்தில் பள்ளி பள்ளியாகப் போய் ஆள் பிடிப்பது, இதற்கெல்லாம் நடுவே இது ஒரு கூடுதல் பொறுப்பு. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். என் தம்பி ஒரு மதியம் அவரிடம் போய்த் தூக்கமே வரவில்லை சார், எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்று சொல்லியிருக்கிறான். சொன்னது சாயந்திரத்துக்குள் துறைத்தலைவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் வகுப்பில், எல்லோர் முன்னாலும், "என்னப்பா, உனக்கு டிப்ரஷனாமே?" என்று கேட்டாராம். வகுப்பே சிரித்ததாம். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மனதில் உள்ளதை ஒருவரிடம் சொல்வது, நோயாளி சட்டையைக் கழற்றிப் புண்ணைக் காட்டுவது போல. அதை வெளியே சொல்பவன் வைத்தியம் பார்க்கத் தகுதியில்லாதவன். எங்கள் தொழிலில் எச்.ஐ.வி. உள்ள பெண் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஒரு மாணவனின் மனப்புண்ணை வகுப்பில் சிரிப்புக்குப் போட்டவருக்கு என்ன நடந்தது? அவர் இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறார்.

கடைசி வாரம், கூட இருந்த பையன் வார்டனிடம் போயிருக்கிறான். "அண்ணா, அவன் சாப்பிட வர்றதே இல்ல, யார்கிட்டயும் பேசறதில்ல, பயமா இருக்கு" என்று. "அவன் டிடெயின் லிஸ்ட்ல இருக்கற பையன். விடு, நீ போய்ப் படி" என்று பதில். பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தான். ஐம்பது வயது மனிதருக்கு எழுந்து போகக் கால் வரவில்லை. அந்தப் பையன் இப்போதும் சில ராத்திரி எனக்குப் போன் செய்கிறான். "இன்னும் ஒரு தடவ சொல்லியிருக்கணும்க்கா" என்று அழுகிறான். சொன்னாயப்பா, நீ சொன்னாய். அவனிடமும் இதுவரை எவரும் போய் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. சம்பவம் நடந்ததும் கல்லூரிக்கு மூன்று நாள் விடுமுறை விட்டு, எல்லாப் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். துக்கத்துக்கு விட்ட விடுமுறை என்று நினைக்காதீர்கள். யாரும் யாரோடும் பேசிவிடக்கூடாது என்று விட்ட விடுமுறை.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் காரணமும் தயாராக இருந்தது. தனிப்பட்ட காரணமாம். காதல் விவகாரமாம். எந்தப் பெண், என்ன பெயர் என்று கேட்டேன். விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். இன்றுவரை அப்படி ஒரு பெண் கிடைக்கவில்லை, இருந்தால்தானே கிடைப்பாள். செத்த பிள்ளைமேல் எதையும் எழுதலாம், அவன் எழுந்து வந்து மறுக்க மாட்டான். பிணவறை வாசலில் வைத்து ஒரு கவரை அம்மா மடியில் வைக்கப் பார்த்தார்கள், கூடவே கையெழுத்துப் போட ஒரு தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கவரைத் தொடவில்லை.

பிறகு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் போனேன். அசலைச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது. கேட்டது யார்? நோ டியூஸ் படிவம் கொடுத்தார்கள். துறை, ஆய்வகம், விடுதி, நூலகம், ஒவ்வொன்றிலும் கையெழுத்து. நூலகத்தில் ஒரு புத்தகம் திரும்பி வரவில்லை என்று 140 ரூபாய் அபராதம் என்றார்கள். கட்டினேன். ரசீது வைத்திருக்கிறேன். ஒரு புத்தகம் எத்தனை நாளாகத் திரும்பி வரவில்லை என்று அவர்களிடம் அவ்வளவு சுத்தமாகக் கணக்கு இருந்தது.

ஒரு பையன் நெஞ்சுக்குள் என்னவெல்லாம் கிடந்தது என்பதை நான் முழுதும் அறிந்தவள் போலப் பேசவில்லை. நோய் இருந்தது, கடன் இருந்தது, எங்கள் கோபமும் இருந்தது. அவன் சாவுக்கு ஒரே ஆளைக் கை காட்டிவிட்டுப் போக நான் வரவில்லை. வைத்தியம் பார்த்தால் தீர்கிற நோயோடு ஒருவன் பதினொரு நாள் உங்கள் கூரைக்கடியில் கிடந்தான், நீங்கள் அவனுக்கு அபராதக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்கிறேன். அவ்வளவுதான் என் வழக்கு.

தீர்கிற நோய் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் எல்லையில் ஒரு கல்லூரிப் பெண். ஒரு மாதம் அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தாள். அவள் பாட்டிக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது தற்செயலாகப் பார்த்தேன். மாவட்ட மனநலத் திட்ட டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை, பேச்சு, இரண்டும் நடந்தது. முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து தலை காய வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது மறுபடி படிக்கப் போகிறாள். வழியில் பார்த்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு பற்றி எரியும். அவள் பிழைத்ததில் சந்தோஷம்தான். இவ்வளவுதானா, இவ்வளவு போதுமாக இருந்ததா என்று எரியும்.

என் தம்பி ஒருவன் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து அதிகம் தமிழ்நாட்டில்தான், 1,416 பேர். பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்த கணக்கு இது. எங்கள் துறைக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் 54 தாய்மார் இறக்கிறார்கள் என்பது 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கு. ஆண்டுக்குச் சுமார் ஒன்பது லட்சம் பிரசவம். அப்படியென்றால் ஐந்நூறை ஒட்டி வரும். அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் மாணவர்கள் போகிறார்கள்.

ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் எங்களுக்கு என்ன நடக்கும் தெரியுமா? 24 மணி நேரத்துக்குள் மேலே தகவல் போக வேண்டும். பிறகு கலெக்டர் தலைமையில் தணிக்கை. நானும் ஒரு முறை நின்றிருக்கிறேன். கடைசியாக எந்தத் தேதியில் அவளைப் பார்த்தீர்கள்? ரத்த அளவு குறைவு என்று எப்போது தெரிந்தது? தெரிந்த பிறகு வீட்டுக்குப் போனீர்களா? ரிஜிஸ்டரைக் காட்டுங்கள். அவள் புருஷனும் எதிரே உட்கார்ந்திருந்தான், அவன் பேசுவதையும் கேட்டார்கள். என் கால்கள் நடுங்கின. கோபம்கூட வந்தது. இன்று அந்தக் கூட்டத்தை நினைத்துக் கும்பிடுகிறேன். அடுத்தவள் சாகக்கூடாது என்றுதான் என்னைக் கேட்டார்கள். இப்படி ஒவ்வொரு சாவையும் அவிழ்த்துப் பார்த்ததும் ஒரு காரணம், 2004-06இல் 111 ஆக இருந்த எண் 54 ஆக இறங்கியதற்கு.

என் தம்பி சாவுக்கு யாரை அப்படி நிறுத்தினார்கள்? கடைசியாக அவனோடு எப்போது பேசினீர்கள் என்று துறைத்தலைவரைக் கேட்டார்களா? பதினொரு நாள் வரவில்லை என்று தெரிந்ததே, என்ன செய்தீர்கள் என்று வார்டனைக் கேட்டார்களா? அம்மாவை எதிரே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நீ சொல்லம்மா என்று எந்த அதிகாரியாவது கேட்டாரா? சந்தேக மரணம் என்று ஒரு வழக்கு, ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை, கோப்பு மூடல். பிரசவத்தில் போகிற உயிருக்குக் கேள்வி இருக்கிற ஊரில், படிக்கப் போன உயிருக்குக் கேள்வி கிடையாதா?

2019இல் உச்ச நீதிமன்றப் படி ஏறியவர்கள் இரண்டு அம்மாக்கள். ஹைதராபாத்தில் மகனை இழந்த ராதிகா வெமுலா, மும்பையில் டாக்டர் மகளை இழந்த ஆபேதா தட்வி. கல்லூரிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வழி செய்யுங்கள் என்று கேட்டார்கள். பெற்ற வயிறு பற்றி எரிய எரிய நீதிமன்ற வராந்தாவில் வருஷக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது, பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள் என்று கேட்பதற்கு.

நீதிமன்றம் இப்போது பேசியிருக்கிறது. 2025 மார்ச்சில், டெல்லி ஐ.ஐ.டி.யில் இறந்த இரண்டு மாணவர்களின் பெற்றோர் கேட்டும் பதிவாகாத முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்யச் சொன்னது. வளாகத்தில் இப்படி நடந்தால் உடனே புகார் கொடுப்பது கல்லூரியின் கடமை என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் இறந்த 17 வயது நீட் மாணவி வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப்பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது, ஊரறிய அவமானப்படுத்தக் கூடாது. ஆசிரியருக்கும் ஊழியருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி. உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் எழுதி வைக்க வேண்டும்.

என் தம்பி போய்க் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து வந்த தீர்ப்பு. வாசித்தபோது வரிக்கு வரி அவன் பெயரை எழுதியது போல இருந்தது. தீர்ப்பு வந்த பிறகு ஒரு நாள் அந்த ஊர்ப் பக்கம் வேலையாகப் போனேன். மனசு கேட்காமல் கல்லூரிக்குள் போய்ப் பார்த்தேன். உதவி எண் ஒட்டியிருந்தது. முதல்வர் அறைக்குப் பக்கத்தில், விருதுகளும் கோப்பைகளும் உள்ள கண்ணாடி அலமாரிக்கு மேலே. எந்தப் பிள்ளை அங்கே போய் அண்ணாந்து பார்க்கும்? அரியர் பட்டியல் மட்டும் சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் அப்படியே இருந்தது. இரண்டையும் இடம் மாற்றி ஒட்ட ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

செலவாகிற விஷயமும் சொல்கிறேன். ஆயிரக்கணக்கில் பிள்ளைகளைச் சேர்க்கிறீர்கள், மனநலம் படித்த ஒருவரை முழுநேரச் சம்பளத்துக்கு வையுங்கள். அவர் துறைத்தலைவருக்குக் கீழே இருக்கக் கூடாது. பிள்ளை சொன்னது அவர் அறையைத் தாண்டக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர. டிடெயின் என்கிற தண்டனையைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது தவறியவர்களுக்கு ஒரு வருஷம் வீணாகாமல் உடனே துணைத்தேர்வு எழுத இந்த மாநிலம் வழி செய்தது. தவறினால் எல்லாம் முடிந்தது என்ற கதவை அரசாணையால் திறக்க முடியும் என்று காட்டியது. கல்லூரிக்கு மட்டும் ஏன் அந்த வழி வரக்கூடாது? வருகைப் பதிவில் குறைந்த ஒரே காரணத்துக்காக ஒரு வருஷத்தைப் பிடுங்கி, நண்பர்களிடமிருந்து பிரித்து, தனக்கு இளையவர்களோடு தலைகுனிந்து உட்காரவைப்பது, ஏற்கெனவே எழ முடியாமல் கிடப்பவன் முதுகில் கல் ஏற்றுவதல்லவா? ஒவ்வொரு மாணவர் சாவையும் கலெக்டர் முன் தணிக்கை செய்யுங்கள், தாய்மார் சாவைச் செய்வது போல. பெற்றவர்களை எதிரே உட்காரவையுங்கள். பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் வார்டனின் கால் தானாக மாடிப்படி ஏறும்.

படிக்கிற பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி ஒரு நிலைக்கு வந்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் இருக்கிறது. சென்னையில் 1986இலிருந்து சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது, 044-24640050. கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமில்லாமல் பேசலாம். உங்கள் அறையில் ஒருவன் சாப்பிடாமல் கிடந்தால், ஒரு வார்டன் விடு என்று சொன்னால், விடாதீர்கள். அவன் அக்காவுக்குப் போன் செய்யுங்கள். திட்டமாட்டாள், இதைப் படித்திருந்தால் திட்டமாட்டாள்.

அக்காமார்களே, அம்மாமார்களே, கல்லூரியிலிருந்து அட்டென்டன்ஸ் செய்தி வந்தால் பிள்ளையிடம் ஏன் போகவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். காய்ச்சல் என்று சொன்னால், முடிந்தால் பஸ் ஏறிப் போய் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். என்னிடமும் அவன் காய்ச்சல் என்றுதான் சொன்னான்.

வார்டன்மார்களே, டியூட்டர்களே. உங்கள் கையில் இந்த நேரம் ஒரு பட்டியல் இருக்கும். மூன்று நாளாக வராதவர்கள் அதில் இருப்பார்கள். இன்று ராத்திரியே, சாப்பாட்டு மணி அடித்த பிறகு, அந்த அறைகளுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். பதிவு எண்ணைச் சொல்லி அழைக்காதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.